புதுவெளிக் கோபுரமும் நாகைத் துறையும்

நாகப்பட்டினத்துக்கு வருபவர்கள் பார்க்கும் இடங்கள் ஏறத்தாழ நிலையானவை. ஊருக்குள் காயாரோகணர் – நீலாயதாட்சி கோயில், சௌந்தரராசப் பெருமாள் கோயில், வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி. இவற்றைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் சற்று நேரம் இருந்து திரும்புவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல்வணிகம் நடந்த ஊர் இது. ஆனாலும் சோழர் காலத் துறைமுகத்தின் பண்டகசாலையோ படித்துறையோ இன்று நிற்கவில்லை. அந்தத் துறைமுகத்தை அறிய விரும்புபவர் வழிபாட்டிடங்களையே ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பதும், அந்த ஆவணங்களில் முதன்மையானதை 1867-இல் நாம் இழந்துவிட்டோம் என்பதுமே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

துறைமுகக் கட்டடங்கள் எஞ்சாததற்குக் கடற்கரையின் இயல்பும் ஒரு காரணம். நாகையில் இயற்கையான ஆழ்துறை கிடையாது. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும்; தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும்; கடுவையாற்றின் முகத்துவாரம் தோணிகளுக்கு ஒதுங்குமிடம். இப்படி நடக்கும் துறையில் கற்கட்டடத்துக்கு அதிகத் தேவை இல்லை. கடலில் ஈட்டிய செல்வத்தில் ஒரு பங்கு விகாரமாகவும் கோயில் நகையாகவும் மினாராவாகவும் மாறியதால்தான் அதன் தடம் நமக்குக் கிடைக்கிறது.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய சீனத் துறவி இ-சிங், மலாய்க் கடலோரத்துக் கடாரத்திலிருந்து மேற்கே 30 நாள் பயணத்தில் நாகப்பட்டினத்தையும், அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கையையும் அடையலாம் என்று குறித்திருக்கிறார். சோழப் பேரரசு எழுவதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே இந்த ஊர் தென்கிழக்காசியக் கடல்வழியில் ஒரு தங்கல்துறையாக இருந்தது என்பதற்கு இது போதும். சோழர்கள் இத்துறையை உருவாக்கவில்லை, வளர்த்தார்கள்.

அந்த வளர்ச்சியின் தலையாய சான்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றும் வழங்குகிறது. ஸ்ரீவிஜயத்தின் சைலேந்திர அரசர் சூளாமணிவர்மர் பெயரில், அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் நாகையில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு உரிய கொடை நிலமாக, அளித்தான். சுமார் 97 வேலி நிலம்; அதன் காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். கடல்கடந்த பௌத்த அரசன் கட்டிய பள்ளிக்குச் சைவ அரசன் காவிரி நாட்டு நெல்லை ஒதுக்கியதைச் சமயப் பொறை என்று மட்டும் விளக்குவது போதாது. வணிகர்கள் வந்து தங்கி, வழிபட்டு, மீண்டும் வர வேண்டும் என்று விரும்பிய அரசின் கணக்கும் அதில் உண்டு.

காயாரோகணர் கோயிலுக்குள் போகிறவர்கள் சன்னிதியோடு நின்றுவிடாமல் அங்குள்ள கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டும். இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிஜய அரசரின் முகவர்கள் இக்கோயில் இறைவனுக்கு அணிகலன்களும் சீனப்பொன்னும் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. விகாரம் கட்டிய அதே அரசின் ஆட்கள் சிவன் கோயிலுக்கும் பொன் அளித்திருக்கிறார்கள்.

1025-இல் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் பாய்ந்தது. நட்பு முறிந்து நாகை விகாரம் பாழாகியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. 1090-இல் கடாரத்து அரசரின் தூதர்கள் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். அந்தச் சிறிய லைடன் செப்பேட்டில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்ற இரு பெயர்கள் வருகின்றன. கடாரத்தை வென்றவன் பெயரிலேயே கடாரத்தார் போற்றிய பள்ளி ஒன்று இருந்திருக்கிறது. போரைவிட வணிகத்துக்கு ஆயுள் நீளம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோழர் ஆவணத்தை நான் அறியேன்.

சோழர் வீழ்ச்சிக்குப் பிறகும் சீனத் தொடர்பு நீடித்தது. 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் இங்கே செங்கல்லால் ஆன உயரமான கோபுரம் ஒன்றையும், 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துப் பொறிப்பையும் பதிவு செய்தார். பர்மிய அரசர் தம்மசேதியின் கல்யாணிக் கல்வெட்டு (1476), கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நாகைக்கு நடந்து வந்து, சீன அரசர் கட்டியதாகச் சொல்லப்பட்ட இடத்தில் புத்தரை வணங்கியதைச் சொல்கிறது.

பிறகு போர்த்துக்கீசியர் வந்தனர். 1658-இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து ஊரைப் பிடித்து, 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். இத்தனை கைமாறல்களுக்கும் நடுவே, நாகைக்கும் நாகூருக்கும் இடையில் அந்தச் செங்கல் கோபுரம் நின்றுகொண்டே இருந்தது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனப் பகோடா என்றனர். மாலுமிகளுக்கு அது கரையடையாளம். 1846-இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது நாற்சதுரமாக, மூன்று நிலைகளோடு, மேலே திறந்து கிடந்தது. வாங் தாயுவான் கண்டதும் இதுவும் ஒன்றேயா, சூளாமணி விகாரத்தின் எச்சமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. கோபுரம் இருந்திருந்தால் செங்கல்லே விடை சொல்லியிருக்கும். அருகில் இடம் பெற்றிருந்த இயேசு சபையினர் அதை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டனர். 1867-இல் சென்னை அரசு இசைந்தது. சீனப் பொறிப்பு சொல்லும் ஆண்டிலிருந்து எண்ணினால் சரியாக 600 ஆண்டுகள். அரசே கையொப்பமிட்டு அழித்த சான்று என்பதால் இந்த இழப்பு இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

மண்ணுக்குள் இருந்தவை மட்டும் தப்பின. 1856-இல் கோபுரத்தருகே ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது புத்தர் உருவங்கள் வெளிப்பட்டன. அதன்பின் 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாகச் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. டி. என். இராமச்சந்திரன் 1954-இல் அவற்றை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆகவே நாகையை முழுதாகப் பார்க்க விரும்புபவர் அங்கிருந்து தொடங்குவதே முறை. அங்கே செப்புத்திருமேனிக் கூடத்தில் ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும்.

நாகூரில் இந்த மரபின் அடுத்த கட்டம் உயிரோடு இருக்கிறது. சாகுல் ஹமீது ஆண்டவர் அடக்கமான தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்தது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தது. மரைக்காயர் வணிகர்களும் கப்பலோட்டிகளும் இந்த வழிபாட்டைத் தம்மோடு கொண்டுபோனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காக்கள் இருக்கின்றன; சிங்கப்பூரில் உள்ளது 1828–1830-இல் எழுந்தது. மலாய் அரசர் நாகையில் விகாரம் கட்டியதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், நாகைக் கரையார் மலாய்க் கடலோரத்தில் தர்கா கட்டினார்கள். நாகூர் தர்காவுக்குக் கந்தூரி விழா நாள்களில் போனால் கூட்டம் மிகும். ஆனால் கடலோடிகளின் நேர்ச்சை என்பது என்னவென்று விளங்கும்.

1861-இல் இருப்புப்பாதை வந்து, உள்நாட்டுக் கூலிமக்கள் கப்பலேறும் வாயிலாயிற்று நாகை. ரஜூலா கப்பலில் மலாயாவுக்குப் போனவர்களின் குடும்பங்கள் தஞ்சை வட்டாரமெங்கும் உண்டு. 1928-இல் ஊரிலிருந்த ரயில் பணிமனை பொன்மலைக்குப் போனது. பின்னர் பயணிகள் கப்பலும் நின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இ-சிங் இரண்டு நாள் என்று எழுதிய இலங்கைப் பயணம் இன்று சுமார் நான்கு மணி நேரம். இந்தக் கப்பலுக்கு வருபவர்கள் ஊரில் தங்கும் ஒருநாளில், கோபுரம் நின்ற இடத்தில் ஒரு குறிப்புக்கல்லும், படிமங்களின் படிகளை வைத்த ஒரு கூடமும் இருந்தால் காயாரோகணரிலிருந்து நாகூர்வரை ஒரே தொடராகப் பார்த்துப் போகலாம். வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டும்போதெல்லாம் தொல்லியல் துறையினர் உடனிருக்க வேண்டும் என்ற விதி அதற்கு முன் தேவை.