பசியறியாத உழவர்: ஒரு கணினி விளையாட்டின் வேளாண் வரலாறு

வேளாண் வரலாற்றில் ஆய்வு செய்யும் எனக்குக் கணினி விளையாட்டைப் பற்றி எழுதும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை. அண்மையில் சயானவ் குறித்த ஒரு வகுப்பில் இளங்கலை மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வியே இப்பதிவுக்குக் காரணம். "மைன்கிராஃப்டில் வரும் உழவரும் தமக்கு மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார். அவரைச் சயானவ் கூறும் குடியானவர் எனலாமா?" வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிக் கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கணினி விளையாட்டுக்கு உழவர் புதியவர் அல்லர். 1993இல் ஜெர்மனியின் புளூ பைட் நிறுவனம் வெளியிட்ட 'தி செட்லர்ஸ்' விளையாட்டில் ஆடுபவர் பண்ணையை அமைத்துக் கொடுத்தால் போதும். விதைப்பையும் அறுப்பையும் உழவர் தாமே பார்த்துக்கொள்வார். தானியம் ஆலைக்கும், மாவு அடுமனைக்கும், ரொட்டி சுரங்கத் தொழிலாளருக்கும் போய்ச் சேரும். 1996இல் ஜப்பானில் வெளிவந்த 'ஹார்வெஸ்ட் மூன்' ஆடுபவரையே உழவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டின் கிராமவாசிகள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள். விளைச்சல் தீர்ந்த பண்ணையை ஆடுபவர் சொன்னால்தான் மீண்டும் அமைப்பார்கள். முதலாமவர் ஓர் உற்பத்திச் சங்கிலியின் கண்ணி, இரண்டாமவர் தனிமனிதர், மூன்றாமவர் அரசின் குடி.

மைன்கிராஃப்டின் உழவர் இம்மூன்று வகையிலும் அடங்காதவர். சுவீடன் நாட்டு நிரலாளர் மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் பொதுவெளியில் வைத்த இவ்விளையாட்டில் தொடக்கத்தில் கிராமமே கிடையாது. 2011 செப்டம்பரில் வந்த சோதனைப் பதிப்பில் வீடும் கிணறும் வயலும் தோன்றின. ஆனால் ஊரில் குடிகள் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் முழுப்பதிப்பு வெளியானபோது குடிகள் வந்தனர். பழுப்பு அங்கி அணிந்தவர் உழவர் எனப்பட்டார். ஆயினும் அவர் உழவில்லை, விதைக்கவில்லை, வெறுமனே உலவினார். 2012 ஆகஸ்டில் மரகதக் கல்லை நாணயமாகக் கொண்ட வாணிபம் புகுந்தது. அவர் தம் கையால் முதல் கதிரை அறுத்தது 2014 செப்டம்பரில்தான். ஆக, இவ்வுலகில் வயல் மனிதருக்கு முந்தியது. சந்தை சாகுபடிக்கு முந்தியது. உண்மை உலகின் வரலாற்று வரிசை இங்கே தலைகீழாய் நிற்கிறது.

2019 ஏப்ரலில் வந்த பதிப்பு கிராம வாழ்வை முழுமையாக மாற்றியமைத்தது. இன்று ஜாவா பதிப்பின் உழவர் இயங்கும் முறை இதுதான். விளையாட்டின் காலம் நொடிக்கு 20 துடிப்புகளாக நகர்கிறது. 24,000 துடிப்புகள், அதாவது 20 நிமிடங்கள், ஒரு நாள். 2,000ஆம் துடிப்பில் வேலை நேரம் தொடங்கும், 9,000இல் ஊர்க்கூடல், 12,000இல் உறக்கம். தொழிலற்ற ஒருவர் உரத்தொட்டி ஒன்றைத் தமதாக்கிக்கொண்டால் அவர் உழவராவார். வேலை நேரத்தில் வயலுக்கு வந்து, தாம் நிற்கும் கட்டத்தை ஒட்டிய கட்டங்களைப் பார்க்கிறார். முற்றிய பயிர் இருந்தால் அறுக்கிறார். பண்பட்ட மண் வெறுமையாக இருந்தால் பையில் முதலில் அகப்படும் விதையை ஊன்றுகிறார். பருவம் பார்ப்பதில்லை, மண் பார்ப்பதில்லை. புதுநிலத்தைக் கொத்திப் பண்படுத்தவும் அறியார். எட்டே அறைகள் கொண்ட பைதான் அவருடைய களஞ்சியம்.

பகிர்வுக்கும் கணக்கு உண்டு. ரொட்டி ஒன்றுக்கு 4 உணவு மதிப்பு. கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகியவற்றுக்குத் தலா 1. ஒருவரிடம் 24 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அது உபரி. 12க்குக் குறைந்தால் அது தேவை. உபரி உடையவர் தேவை உடையவரை எதிர்ப்பட்டால் பாதியை எடுத்து அவர்பால் வீசுகிறார். கடன் இல்லை, வட்டி இல்லை, நன்றிக்கடனும் இல்லை.

மாணவரின் கேள்வி எழுந்தது இவ்விடத்தில்தான். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயானவ் 1925இல் வெளியிட்ட நூலில், குடியானவக் குடும்பம் இலாபத்துக்காக உழைப்பதில்லை என்றார். உண்ணும் வாய்களின் தேவையும் உழைக்கும் உடலின் அலுப்பும் சமன்படும் வரை உழைக்கும், அதற்கப்பால் ஓயும். 1937இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது.

விளையாட்டின் உழவர் இலாபம் தேடுவதில்லை என்பது உண்மை. ஆனால் சயானவின் சமன்பாட்டில் உள்ள இரண்டு தட்டுகளுமே அவரிடம் இல்லை. அவருக்கு அலுப்பு கிடையாது. அதைவிட முக்கியமாக, அவருக்குப் பசி கிடையாது. ஒரு மணி உணவும் இன்றி அவர் எத்தனை நாளும் வாழ்வார். உணவு தேவைப்படுவது பிள்ளை பெறுவதற்கு மட்டுமே. பஞ்சம் என்ற ஒன்று அவ்வுலகில் நிகழவே முடியாது. ஜேம்ஸ் ஸ்காட் 1976இல் எழுதிய குடியானவர் அறவியல் முழுவதும், கழுத்தளவு நீரில் நிற்பவரின் அச்சத்திலிருந்து பிறந்தது. அவ்வச்சம் இல்லாத இடத்தில் பகிர்வு அறமாகாது. வெறும் பங்கீடாகவே நிற்கும்.

இன்னொன்றும் கண்டேன். இவ்வுழவர் ஆடுபவரிடமிருந்து 20 கோதுமையை வாங்கி ஒரு மரகதம் தருகிறார். ஒரு மரகதத்துக்கு 6 ரொட்டி விற்கிறார். தாமே கோதுமை விளைவிப்பவர் ஏன் வாங்க வேண்டும்? அவருடைய பைக்கும் அவருடைய கடைக்கும் தொடர்பே இல்லை. விற்பனைச் சரக்கு அறுவடையால் நிரம்புவதில்லை. உரத்தொட்டியருகே சென்று நின்றால் நிரம்புகிறது. உழைப்பு ஒரு பேரேட்டிலும் பரிமாற்றம் வேறொரு பேரேட்டிலும் எழுதப்பட்டுள்ளன. விளைந்ததற்கும் விலைக்கும் உறவு அறுந்துபோன குடியானவரை நாம் ஆவணக் காப்பகங்களில் கண்டதில்லையா?

இனி, ஆடுபவர்கள் செய்ததைப் பாருங்கள். உழவரின் எட்டு அறைகளையும் விதையால் நிரப்பிவிடுகிறார்கள். அவர் அறுப்பார், மீண்டும் விதைப்பார்; ஆனால் கோதுமையை எடுக்கப் பையில் இடமிராது. மண்ணில் விழுந்ததை அடியில் ஓடும் வண்டி வாரிக்கொள்ளும். மற்றொரு முறையில், தேவையுள்ள ஒருவரைச் சுவருக்கு அப்பால் அடைத்து வைக்கிறார்கள். உழவர் அவருக்காக வீசும் உணவு நடுவே வைத்த பெட்டியில் விழுகிறது. அவருடைய தேவை தீர்வதே இல்லை. எனவே இவருடைய ஈகையும் ஓய்வதில்லை. கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையே ஒருவர் அமர்ந்துகொள்வதே உபரிச் சுரண்டலின் மிகச் சுருக்கமான வரையறை. இதை எந்த நிரலாளரும் எழுதவில்லை. பகிர்வு விதியைப் படித்தறிந்த ஆடுபவர்கள் தாமே கண்டடைந்தார்கள்.

எனவே அம்மாணவருக்கு என் விடை: அவர் சயானவின் குடியானவர் அல்லர். நகரத்தில் அமர்ந்து குடியானவரைக் கற்பனை செய்தவர்களின் கனவு அவர். அலுக்காதவர், பசிக்காதவர், கேட்காமலே கொடுப்பவர். வரி விதித்த அரசுகளின் ஏடுகளிலும் இதே உருவம் அடிக்கடி எதிர்ப்படுகிறது. ஆனால் அங்கே பசித்தவர்கள் ஒரு நாள் கிளர்ந்தெழுந்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள், மனு எழுதினார்கள். அதனால்தான் அவர்களுக்கு வரலாறு இருக்கிறது.

இன்றைய பிள்ளைகள் பலர் முதன்முதலாக ஓர் உழவரைப் பார்ப்பது இத்திரையில்தான். அவர்களுக்கு நாம் வேளாண் வரலாறு கற்பிக்கும்போது எங்கிருந்து தொடங்குவது? பசியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு அவற்றையும் எடுத்துச் செல்வேன்.