நெல்லும் நீதியும்

தில்லித் தமிழர்க்குக் கிட்வாய் நகர் என்னும் பெயர் புதியதன்று. அரவிந்தர் சாலையின் இருமருங்கும் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்துள்ள இக்குடியிருப்பில், மத்திய அரசுப் பணியின் பொருட்டுத் தெற்கிலிருந்து வந்த நம்மவர் பலர் வாழ்ந்துள்ளனர். கிழக்குப் பகுதியின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. ஆயினும் பெயர் நிலைத்துள்ளது. அப்பெயருக்குரிய ரஃபி அகமது கிட்வாய்க்கும் தமிழகத்தின் அடுக்களைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை ஆராயப் புகுந்தால், நீதி எது, உரிமை எது, சந்தை யாருக்காக என்னும் பெருவினாக்கள் நம்மை எதிர்கொள்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. அதனைத் தொடர்ந்து பங்கீட்டு முறை நாட்டில் வேரூன்றியது. உழவர் தம் நெல்லை அரசு குறித்த விலைக்குக் கொடுக்க வேண்டும். ஓரிடத்து அரிசியை மற்றோரிடத்துக்குத் தம் விருப்பப்படி கொண்டு செல்லலாகாது. உண்போர் அட்டை காட்டி அளவாகப் பெறவேண்டும். விடுதலைக்குப் பின் இம்முறை நீங்க வேண்டுமென்று காந்தியடிகள் தில்லிப் பிரார்த்தனைக் கூட்டங்களில் வற்புறுத்தினார். 1947-இன் இறுதியில் கட்டுப்பாடு தளர்ந்தது; விலை ஏறவே, 1948-இல் மீண்டும் வந்தது.

1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, இரண்டே திங்களில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாடு பதுக்கலையும் கையூட்டையும் வளர்க்கின்றது என்பது அவர் கருத்து. திட்டமிடுதலில் நம்பிக்கை கொண்டோர் ஐயுற்றனர். அவ்வேளையில் மத்திய உணவு அமைச்சராக இருந்து இராஜாஜிக்குத் துணை நின்றவர் கிட்வாய். அஞ்சியவாறு சந்தை நிலைகுலையவில்லை. 1954-இல் நாடெங்கும் கட்டுப்பாடு நீங்கிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே கிட்வாய் மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். விலை ஏறினால் சந்தையில் இறக்குவதற்கு அரசின் கையில் தானிய இருப்பு வேண்டும் என்பதில் கிட்வாய் கருத்தாயிருந்தார். வணிகரின் கட்டை அவிழ்த்த அவர், களஞ்சியத்தைக் கைவிட்டாரல்லர்.

இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரு பேராசிரியர்கள் இதே வழக்கை நூல்களில் நடத்தினர். ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில், தாம் செல்வராய்ப் பிறப்போமா வறியராய்ப் பிறப்போமா என்று அறியாத நிலையில் மக்கள் எவ்விதிகளை ஏற்பரோ அவையே நீதி என்றார். ஏற்றத்தாழ்வு இருப்பின் அது கடைநிலையில் உள்ளார்க்கு நன்மை பயத்தல் வேண்டும் என்றார். ராபர்ட் நோசிக் 1974-இல் மறுத்தெழுதினார். நேரிய வழியில் ஈட்டி, நேரிய வழியில் கைமாறிய பொருள் எவரிடம் எவ்வளவு சேரினும் அது நீதியே. பங்கிடும் பொருட்டு அதனைப் பறித்தல் உரிமையை மீறுவதாகும் என்பது அவர் துணிபு. தன் நெல்லைத் தான் விரும்பிய விலைக்கு விற்க முடியாத உழவர் நோசிக்கின் பக்கம் நிற்பார். வாங்கக் காசில்லாத கூலியாள் ரால்ஸின் பக்கம் நிற்பார். இருவரும் ஓரூரினர் என்பதே நம் இடர்ப்பாடு.

தமிழக வரலாறு இவ்விடர்ப்பாட்டை நன்கு காட்டுகின்றது. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றின் ஆட்சியை எதிர்த்தவர் இராஜாஜி. அவரே 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், ரூபாய்க்குப் படியரிசி என்று உறுதி கூறிய திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்தார். அதற்குமுன் 1965-இல், தமிழரான சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராயிருந்த காலத்தில், இந்திய உணவுக் கழகம் பணி தொடங்கிற்று. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நெற்களஞ்சியமாம் தஞ்சையில் அமைந்தது. கொள்கைகள் மோதின, ஆனால் களஞ்சியம் வேண்டும் என்பதை எவரும் மறுத்திலர்.

ஏன் மறுக்கவில்லை? விடை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் உள்ளது. தில்லிப் பொருளியல் பள்ளியில் முன்பு பணியாற்றிய அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட நூலில் அதனை ஆராய்ந்தார். பஞ்சத்துக்கு உணவுக் குறைவு மட்டும் காரணமன்று. கூலியாளரும் மீனவரும் உணவை வாங்கும் ஆற்றலை இழந்தமையே பெருங்காரணம் என்று காட்டினார். அங்கே உணவை வாங்க இயலாமல் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சொத்துரிமையை மட்டும் காத்துப் பசித்தவரைக் காவாத நீதி குறையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் இராஜாஜியின் ஐயமும் புறந்தள்ளத்தக்கதன்று. பங்கிடும் கைக்கு அதிகாரம் சேரும். அதிகாரம் சேர்ந்த இடத்தில் ஏழை கைகட்டி நிற்க நேரும். இதற்கு மருந்து, அரிசியைச் சலுகையென்னாது சட்டவழி உரிமையாக்குதலே. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வழியில் ஓர் அடி.

அவ்வடியும் புலம்பெயர்ந்தாரை முழுமையாக எட்டவில்லை. ஊரில் அட்டை, வேலையோ வேற்றூரில் என்னும் நிலையில் உரிமை ஏட்டளவிலேயே நின்றது. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' ஏற்பாட்டில், 2021-இல் தில்லியும் சேர்ந்தபின் நிலை மாறத் தொடங்கியது. அரசு வீடும் மாதச் சம்பளமும் பெற்று இந்நகரில் வேரூன்றிய நாம், அவையின்றி இங்கு வந்துழைக்கும் நம்மவரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறந்த ஊரைக் கடந்தும் உடன்வருவதே உரிமை. கிட்வாய் நகர் என்னும் பெயர்ப்பலகையைக் காணுந்தோறும், சந்தையைத் திறந்தும் களஞ்சியத்தைக் காத்தும் நின்ற அமைச்சரை நினைவுகூர்வோமாக.