சாமையை யார் குத்துவது?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவுக்குள் என் மகள் இரண்டாவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. வாரநாள்களில் அவளுடைய காலைச் சாப்பாடே ஏறக்குறைய அதுதான். எனக்கும் மனைவிக்கும் மென்பொருள் வேலை; எட்டரை மணிக்கு ரெண்டு பேருக்கும் மீட்டிங். குற்றவுணர்ச்சி முற்றும் மாதங்களில் சிறுதானியப் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்குவோம். வண்டு வந்ததும் தூக்கிப் போடுவோம்.

ஏரிக்கு அருகே சாலையோரம் ஒரு ஆயா மிளகு, காபித்தூள், சாமை அரிசி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கிலோ சாமை வாங்கிக்கொண்டு, "வீட்ல நீங்களும் இதானா ஆயா?" என்றேன்.

"இது உங்கள மாதிரி வர்றவங்களுக்குத் தம்பி. எங்க வூட்ல ரேசன் அரிசிதான். சாமைய யாரு குத்திக்கிட்டுக் கெடக்கறது?"

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. முன்னோர்கள் நல்லபடியாகச் சாப்பிட்டார்கள், நாம்தான் கெட்டுப்போனோம் என்று தினமும் வாட்ஸப்பில் வருகிறதே, அந்தக் கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவன் இங்கே தங்கினான் என்பது அவர்கள் சொல்லும் கதை. சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். சாமை கடுகளவு மணி. அதன்மேல் இறுக ஒட்டிய உமி. உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறு. அது முழுக்கப் பெண்களின் வேலை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பெருகின. 1882-ன் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காப்புக்காடுகளில் காட்டை எரித்து விதைக்கும் பழைய வழக்கத்துக்கும் கட்டுப்பாடு. நிலம் சுருங்கியவர்கள் தோட்டக்கூலிக்குப் போனார்கள். பழம் பறிக்கிற பெண் காலையிலேயே எஸ்டேட்டில் நிற்கணும். அப்புறம் உலக்கையை எப்போது பிடிப்பது?

அந்த அவசரத்துக்குக் கேழ்வரகு ஒத்துப்போனது. அதற்குச் சாமை போல உமி நீக்கும் பாடு இல்லை, திரித்தால் போதும். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி இரவில் வைத்துவிட்டால், விடிந்ததும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். தமிழ்நாடு முழுக்கக் கூலிவேலைக்குப் போனவர்களின் காலை உணவு இந்தக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். புளிக்கவைத்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். கூழை நான் பண்பாடு என்றே நினைத்திருந்தேன். நேரமில்லாத அம்மாக்களின் ஏற்பாடு என்று இப்போதுதான் புரிகிறது.

பிறகு அரிசி வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி பெரிய வாக்குறுதி. 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், உலை கொதித்தால் சோறு. ஆயாவின் தலைமுறை அரிசிக்கு மாறியதை நாகரிக மோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. பக்கத்துக் கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்க இறங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதையோடு நிற்காமல் கிராமங்களுக்கு உமி நீக்கும் சிறு அரவை எந்திரங்களையும் கொண்டுபோனது. உலக்கைக்கு மாற்று இல்லாமல் யாரும் சாமைக்குத் திரும்பமாட்டார்கள் என்பது அங்கே தெரிந்திருந்தது.

பள்ளிச் சாப்பாட்டையும் நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. காலைச் சாப்பாடு மட்டும் வீட்டுப் பொறுப்பாகவே இருந்தது. அதிகாலையில் வேலைக்கு ஓடும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். மலைப்பகுதிப் பள்ளிகளும் அதில் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். கிராமங்களில் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். இங்கேயும் ஒரு பெண்தான் விடிகாலையில் எழுகிறாள். ஆனால் இந்த முறை அது சம்பளத்தோடு கூடிய வேலை.

அதே 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. எங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் தினைப் பாயசம் போட்டார்கள். குத்தியது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என் மகள் படிப்பது தனியார் பள்ளி. அவளுக்குக் காலையில் கிச்சடி தர யாரும் வரப்போவதில்லை. சாமையை எந்திரம் குத்திவிட்டது. மிச்சமிருக்கிற வேலையை எங்கள் வீட்டில் யார் செய்வது? இத்தனை நாளும் 'நாம ஏதாவது பண்ணணும்' என்று நான் சொல்லும்போது அந்த 'நாம' என் மனைவிதான். இப்போது ராத்திரி கடைசி கால் முடிந்ததும் கேழ்வரகு மாவைக் கரைப்பது என் வேலை. மறுநாள் சாயங்காலம் காய்ச்சுவதும் நான்தான். மூன்று முறை அடிப்பிடித்தது. வெல்லம் போட்டுக் கொடுத்தால் மகள் குடிக்கிறாள். மோர் ஊற்றினால் இன்னும் மூக்கைப் பொத்துகிறாள். ஆயாவிடம் வாங்கிய சாமை ஞாயிற்றுக்கிழமைகளில் பொங்கலாகிறது. வண்டு வருவதற்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது.