இரு மாஹேக்களும் கரிசல் நிலமும்

கேரளக் கடற்கரையில் மாஹே என்னும் சிற்றூர் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர்; ஆட்சியோ புதுச்சேரியுடையது. இந்துமாக்கடலில், செஷல்ஸ் நாட்டின் தலைநகர் அமைந்த பெருந்தீவுக்கும் மாஹே என்றே பெயர். இரண்டையும் பிரெஞ்சுத் தளபதி மாஹே தெ லா பூர்தொனேயின் (1699–1753) பெயரோடு இணைத்துக் கூறுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கை நாம் பாதியளவே ஏற்க இயலும்.

1725இல் பிரெஞ்சுக்காரர் கேரள மாஹேயைக் கைப்பற்றிய படையில் அவர் இருந்தார் என்பது உண்மையே. ஆயினும் அவ்வூர் அதற்கு முன்பே மய்யழி. 1721இலேயே அங்கு வாணிக உரிமை பெற்ற பிரெஞ்சுக்காரரின் நாவில் மய்யழி மாஹே எனத் திரிந்தது என்பதே பொருந்தும். வெற்றியின் நினைவாக ஊர்ப்பெயரை அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்பாரும் உளர். அதுவும் நில்லாது, மாஹே என்பது அவர்தம் தந்தையாரின் குடிப்பெயர். ஒலி ஒத்தவுடன் உறவு கற்பிக்கும் இப்பழக்கம் அரபுச் சொல்லாய்விலும் நாம் காண்பதுதான்.

தீவின் செய்தி வேறு. மொரீஷியஸின் ஆளுநராக இருந்த லா பூர்தொனே அனுப்பிய லசார் பிக்கோ என்னும் மாலுமி 1742இல் அதனை அடைந்தார். 1744இல் மீண்டும் சென்றபோது தம் ஆளுநரின் பெயரையே அதற்கு இட்டார். 1770இல் அத்தீவுக்கூட்டத்தில் முதன்முதல் குடியேறியோருள் 5 இந்தியரும் இருந்தனர்.

அம்மனிதர் வழியாகவே ஓர் இழை நம் கோவில்பட்டிக் கரிசல் வரை நீள்கிறது. 1746 செப்டம்பரில் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தவர் அவர். நகரை மீட்க ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் தம் மகன் மஹ்ஃபூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அக்டோபரில் அடையாற்றங்கரையில், ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படையிடம் அப்படை சிதறியது. மஹ்ஃபூஸ் என்றால் காக்கப்பட்டவர் என்று பொருள். அன்று அவரைக் காத்தது பின்வாங்கலே.

1755இல் அவர் கும்பினிப் படையுடன் தெற்கே வந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார். வானம் பார்த்த மண்ணில் மழை பொய்த்தால் வரியும் பொய்க்கும். பாளையக்காரரோ பணிவதாக இல்லை. 1756 மார்ச்சில் புலித்தேவர் அணியைத் திருநெல்வேலி அருகே வென்ற அதே மஹ்ஃபூஸ் கான், ஓராண்டு கழியுமுன் புலித்தேவருடனேயே சேர்ந்தார்; கோவில்பட்டிக்கு மேற்கே நெற்கட்டும்செவலில் தங்கினார். ஆங்கிலேயர் எழுத்துகள் அவரை உறுதியற்றவராகவே காட்டுகின்றன. தம்பி முஹம்மது அலி கும்பினியின் துணையோடு நவாப் பட்டத்தில் அமர்ந்திருக்க, தமையனார் அதே கும்பினிக்குக் குத்தகைக்காரராக நின்ற நிலையை அவ்வெழுத்துகள் எடைபோடவில்லை என்பது நம் கருத்து. 1760இல் அவர் தம்பியிடம் திரும்பினார்.

இக்கிளர்ச்சியை ஒடுக்கக் கும்பினியார் ஏவியவர் யூசுப் கான். 1761இல் நெற்கட்டும்செவல் அவரிடம் வீழ்ந்தது. அவரும் 1763இல் கும்பினியை எதிர்த்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அவர் நம்பியிருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானே உடன்நின்று அவரைப் பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.