இடையிற் கட்டும் பட்டியும் இடையறாப் பயிற்சியும்

கலை எதுவாயினும் அதனைக் கற்பதற்குப் படிமுறை உண்டு. படி ஏறியவனை அடையாளங் காட்டுவதற்கு ஒரு வழியும் உண்டு. நம் இளைஞர் பலர் இன்று ஆர்வத்தோடு பயிலும் கராத்தேக் கலையில் அவ்வடையாளம் இடையிற் கட்டும் பட்டியாகும். “கறுப்புப் பட்டி எடுக்க எத்தனை மாதஞ் செல்லும்?” என்பதே வகுப்பிற் சேரும் பிள்ளையும் கூட வரும் பெற்றோரும் முதலிற் கேட்கும் கேள்வி. விடை கூறுமுன் அப்பட்டி பிறந்த வரலாற்றை நாம் அறிதல் நன்று.

கராத்தேயின் தாயகம் ஒக்கினாவாத் தீவு. அங்கே முற்காலத்தில் பட்டியும் இல்லை, தரமும் இல்லை. ஆசிரியர் வீட்டு முற்றத்திலே, பெரும்பாலும் இரவு வேளையில், மாணவர் பயின்றனர். அடிமுறைகளை வரிசையாகக் கோத்தமைத்த ‘கட்டா’ ஒன்றையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிச்சின் புனாகோசி, தெக்கி என்னும் மூன்று கட்டாக்களைக் கற்கத் தமக்குப் பத்தாண்டுகள் சென்றதாக எழுதியுள்ளார்.

பட்டியைத் தந்தது ஜூடோக் கலையாகும். 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் ஜூடோப் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். பழைய யப்பானியப் போர்க்கலைப் பள்ளிகளில் மாணவனுக்கு வழங்கிய சான்றுகள் மிகச் சிலவே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுங்காலஞ் செல்லும். அவ்விடைவெளியில் மாணவன் சோர்ந்துவிடலாகாது எனக் கருதிய கானோ, ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் முன்பே வழங்கிய ‘டான்’ என்னும் தரமுறையைத் தழுவி, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டான் அளித்தார். சில ஆண்டுகளுள் டான் பெற்றோர் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கம் உண்டாயிற்று.

1922இல் டோக்கியோ வந்த புனாகோசி, கானோவின் அழைப்பையேற்றுக் கோடோகானிலே தம் கலையைச் செய்துகாட்டினார். 1924இல் தம் மாணவர் சிலருக்குத் தாமும் டான் வழங்கினார். கராத்தேக்குப் பட்டி வந்த வழி இதுவே. மஞ்சள், பச்சை, நீலம் முதலிய நிறங்களோ ஐரோப்பிய ஜூடோ வகுப்புகளில் வழக்கிற்கு வந்தவை. 1935இல் பாரிசு சென்ற மிக்கினொசுக்கே கவாயிசி அவற்றைப் பரப்பினார். ஆகவே, வெள்ளைப் பட்டி வியர்வையாலும் அழுக்காலும் தானே கறுத்தது என்னுங் கதை கேட்க இனிதாயினும் வரலாறன்று.

தரங்கள் இருவகைப்படும். தொடக்க மாணவருக்குரிய ‘கியூ’ பத்து அல்லது ஒன்பதிலே தொடங்கி ஒன்று வரை இறங்கும். அதன்பின் ‘டான்’ ஒன்றிலிருந்து ஏறும். நிற வரிசை பள்ளிக்குப் பள்ளி வேறுபடினும், தொடக்கம் வெள்ளை. கறுப்புக்கு முந்தியது பெரும்பாலும் கபிலம். தேர்விலே அடிப்படை அசைவுகள், கட்டா, எதிராளியோடு பொருதும் குமித்தே ஆகிய மூன்றும் பார்க்கப்படும். முதல் டானை யப்பானியர் ‘சோடான்’ என்பர். ‘சோ’ என்றால் தொடக்கம். நாம் முடிவென்று எண்ணும் கறுப்புப் பட்டிக்கு அவர்கள் இட்ட பெயரே தொடக்கம் என்பதை இளைஞர் ஊன்றி நோக்க வேண்டும்.

இத்தகைய படிமுறை படுவான்கரை மக்களாகிய நமக்குப் புதியதா? நம் கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் ஆளறிந்து சட்டங் கொடுக்கின்றார். மாதக்கணக்கிற் பழக்கம் நடக்கின்றது. ஆட்டம் காலில் அமைந்த பின்னரே சதங்கை அணிகின்றனர். பின்பு கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அதன்பின்னரே அரங்கேற்றம். சதங்கையைக் காசு கொடுத்துக் கடையில் வாங்கலாம். தாளத்தை வாங்க முடியுமா? விடியும்வரை வட்டக்களரியைச் சுற்றியிருக்கும் ஊரே அங்கு தேர்வாளர். கால் பிழைத்தால் குழந்தையும் அறியும்.

கானோ தரமுறையைக் கண்டது ஊக்கம் தளராதிருத்தற்கே. அது பயிற்சியையே கெடுக்குமாயின் அதனாற் பயன் என்ன? தேர்வில் தவறிய பிள்ளையை வீட்டார் கடிந்துகொள்ள, அவன் பயிற்சியையே கைவிட்டதை நாம் கண்டதுண்டு. தகுதி வருமுன் பணத்துக்காகப் பட்டி கொடுத்தாலும் கேடு அதுவே. துரோணர் மரத்திற் குருவியை வைத்துச் சோதித்தபோது, அருச்சுனன் கண்ணுக்குக் குருவியின் தலையன்றி வேறெதுவும் தெரியவில்லை. பட்டியையே பார்த்திருப்பவனுக்குக் கலை தெரியாது.

ஆதலின் பெற்றோரே, “என்ன பட்டி?” என்று கேட்பதை விடுத்து, “இன்று என்ன பழகினாய்?” என்று கேளுங்கள். இளைஞரே, பட்டி வரும்போது வரட்டும். நாளைய பயிற்சிக்குத் தவறாது செல்லுங்கள். தான்தோன்றீசர் திருவருள் உங்களுக்கு உறுதியான உடலையும் அடக்கமுள்ள உள்ளத்தையும் தருவதாக!