எதிரொலியில் இதயத்தைக் கண்ட மருத்துவர்

இதயக் கோளாறு என்று ஐயுற்று மருத்துவரிடம் செல்வோர் இன்று தவறாமல் கேட்கும் சொல் ‘எக்கோ’. மார்பின்மீது பசையைத் தடவிச் சிறு கருவியொன்றை வைத்து நகர்த்தியதும், துடிக்கும் இதயம் திரையில் தோன்றுகிறது. நோயாளி வலியேதும் உணர்வதில்லை. சோதனை முடிந்ததும் எழுந்து வீட்டிற்குச் செல்கிறார். இவ்வளவு எளிதாகிவிட்ட இச்சோதனைக்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டு மருத்துவர் இங்கெ எட்லர்.

1911ஆம் ஆண்டு தென் சுவீடனில் பிறந்த எட்லர், லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1943இல் பட்டம் பெற்றார். பின்னர் அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே இதயநோய்ப் பிரிவில் பணியாற்றினார். அறுவைச் சிகிச்சைக்கு முன் இதயத்தின் நிலையை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு அவருடையது. அக்காலத்தில் அப்பொறுப்பு எத்துணை கடினமானது என்பதை அறிந்தால்தான் அவர் செய்த பணியின் அருமை விளங்கும்.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், சிலருக்கு இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வே பெரும்பாலும் பாதிக்கப்படுவது. சிலருக்கு அதன் இதழ்கள் ஒட்டிக்கொண்டு வழி குறுகிவிடும். சிலருக்கு இதழ்கள் சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசியும். 1948இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கென் ஆகிய அறுவை மருத்துவர்கள், துடிக்கும் இதயத்தினுள்ளேயே சென்று ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டினர். குறுகிய வால்வுக்கு அது வாழ்வளித்தது. ஆனால் கசியும் வால்வில் அதையே செய்தால் கசிவு மேலும் பெருகும். ஆகவே, இரண்டில் எது மிகுதி என்பதை மார்பைத் திறக்கும் முன்பே அறிந்தாக வேண்டும். இதய ஒலியைக் கேட்டும், எக்ஸ்ரே படம் பார்த்தும், இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தம் அளந்தும் மருத்துவர்கள் முயன்றனர். எனினும் ஐயம் தீராத நோயாளிகள் பலர் இருந்தனர்.

போரில் பயன்பட்ட ரேடாரைப் போன்ற ஒன்றினால் இதயத்தின் உட்புறத்தை அறிய இயலுமா என்று எட்லர் சிந்தித்தார். 1953இல் இக்கேள்வியை, அதே பல்கலைக்கழகத்தில் இருந்த இளம் இயற்பியலாளர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் கேட்டார். நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸின் மகனாகிய அவர், மின்காந்த அலைகளுக்கு மாறாக, செவிக்கு எட்டாத மீயொலியை நாடலாம் என்றார். உலோகப் பற்றவைப்புகளில் மறைந்துள்ள விரிசல்களைக் கண்டறிய மீயொலிக் கருவிகள் அப்போது தொழிற்சாலைகளில் வழக்கில் இருந்தன. மால்மோ நகரின் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் இருந்த அத்தகைய கருவியொன்றைத் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார் ஹெர்ட்ஸ். இதயத் துடிப்புக்கு ஏற்ப அசையும் எதிரொலிகள் திரையில் தெரிந்தன. பின்னர் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு கருவி இரவலாகக் கிடைத்தது. 1953 அக்டோபர் 29ஆம் நாள், இதயத்தின் அசைவை மீயொலியால் இருவரும் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே அம்முயற்சி கட்டுரையாக வெளிவந்தது.

இதன் தத்துவம் எளியது. உடலின் திசுக்களில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்கிறது. 7.7 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள ஒரு பரப்பில் பட்டுத் திரும்ப, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்தை அளந்தால் ஆழம் தெரியும். ஆழம் மாறிக்கொண்டே இருப்பதைத் தொடர்ந்து பதிந்தால் அசைவு தெரியும்.

அலைகோடு கிடைத்துவிட்டது, ஆனால் அக்கோடு எதனுடையது? எட்லரின் ஆராய்ச்சியில் மிகவும் போற்றத்தக்க பகுதி இங்கேதான் தொடங்குகிறது. விரைந்து அசையும் ஓர் எதிரொலியை இடது மேலறையின் சுவர் என்றே அவர் முதலில் கருதினார். அக்கருத்தோடு நின்றுவிடாமல் அதனைச் சோதிக்கவும் முற்பட்டார். மீயொலி சென்ற இடத்தையும் திசையையும் நோயாளிகளின் மார்பில் குறித்துவைத்து, அவர்கள் இறந்தபின் அதே வழியில் கூரிய நீண்ட கம்பியைச் செலுத்தி, உடற்கூறு ஆய்வில் அது எதைத் தொட்டிருக்கிறது என்று பார்த்தார். அந்த எதிரொலி மைட்ரல் வால்வின் முன்னிதழினின்று வருவது என்பது அதனால் தெளிந்தது. நலமான வால்வின் இதழ் திறந்தவுடன் விரைந்து பின்வாங்கும். குறுகிய வால்வின் இதழோ மெல்லவே பின்வாங்கும். அந்த வேகத்தை அளந்து, குறுக்கத்தின் கடுமையை மார்பைத் திறவாமலே மதிப்பிட எட்லர் வழிகண்டார்.

மருத்துவ உலகம் இதை உடனே ஏற்கவில்லை. 1960இல் ரோம் நகரில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் தம் முறையை விளக்கும் திரைப்படத்தை எட்லர் குழுவினர் காட்டினர். 1960களில் அமெரிக்காவின் ஹார்வி ஃபைகன்பாம், இதயத்தைச் சூழ்ந்து நீர் சேர்வதை இம்முறையால் கண்டறியலாம் என்று காட்டிப் பலருக்கும் பயிற்சி அளித்தபின் அது எங்கும் பரவிற்று. எட்லருக்கும் ஹெர்ட்ஸுக்கும் 1977இல் லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது. எட்லர் 2001ஆம் ஆண்டு மறைந்தார்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர் நம் நாட்டில் இன்றும் உள்ளனர். கருவுற்ற பின்னரே மூச்சுத் திணறி, தம் வால்வு குறுகியிருப்பதை முதன்முதலாக அறியும் இளம் பெண்களும் அவர்களுள் உண்டு. எக்ஸ்ரே கதிர் படாமலும் உடலைத் துளைக்காமலும், தாயின் இதயத்தை வேண்டியபோதெல்லாம் பார்க்க எக்கோ உதவுகிறது. திரையில் அசையும் கோட்டைச் சுட்டி ‘இது வால்வின் இதழ்’ என்று மருத்துவர் இன்று உறுதியாகச் சொல்கிறார். அந்த உறுதி, தாம் கருதியதையே ஐயுற்று, உண்மை இன்னதென்று தேடிக் கண்ட ஒருவர் நமக்கு ஈட்டித் தந்தது.