காட்டெறும்பு ஒன்றின் பெயர் வரலாறு

தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்திரா, போர்னியோ ஆகிய நிலப்பகுதிகளின் மழைக்காடுகளில் வாழும் எறும்புகளுள் ஒன்று, அளவினாலேயே கண்டவர் மனத்தில் நின்றுவிடும். அதன் எளிய தொழிலாளி எறும்பு ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் நீளமுடையது. தலை பெருத்த படையெறும்போ 28 மில்லிமீட்டர் வரை வளரும். இத்தகைய உயிரை அடையாளம் காண்பதில் சிக்கல் எதுவும் இராது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அதனை எந்தப் பேரினத்தில் வைப்பது என்ற வினாவிற்கு விடை காண அறிவுலகிற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேருருவைக் கண்டு பெயரிட்டவர்கள், அதன் உறவை அறிய மிகச் சிறிய உறுப்புகளையும் கண்ணுக்கே தெரியாத மரபுப்பொருளையும் நாட வேண்டியதாயிற்று.

உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758-இல் வெளிவந்த தம் நூலில் எறும்புகள் அனைத்தையும் ‘பார்மிகா’ என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். பார்மிகா என்பது எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். பார்மிக் அமிலம் என்ற பெயரும் அதிலிருந்து பிறந்ததே. உலகின் எறும்புகள் எத்துணை வகையின என்பது அந்நாளில் ஐரோப்பியர்க்குத் தெரியாது. எனவே ஒரு பெயர் போதுமென்றிருந்தது.

நம் காட்டெறும்பிற்கு ‘பார்மிகா ஜிகாஸ்’ என்று பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஆந்த்ரே லத்ரேல். ஜிகாஸ் என்றால் பூதம், பேருருவினன் என்று பொருள். 1802-இல் பாரிசில் அச்சான அவருடைய எறும்புகளின் இயற்கை வரலாற்று நூலில் இப்பெயர் இடம்பெற்றது. லத்ரேல் இந்தக் காடுகளில் அடியெடுத்து வைத்தவர் அல்லர். இரவில் காட்டுவழி சென்ற மக்கள் இவ்வெறும்பை அவருக்கு மிக முன்பே அறிந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நூலுலகில் பெயரிடும் உரிமை, முதலில் விளக்கம் எழுதி அச்சிட்டவருக்கே உரியது. விதி அவ்வாறிருக்கிறது.

லத்ரேல் அந்நூலை எழுத உயிரோடிருந்ததே ஒரு வண்டினால்தான். அவர் குருவாகத் திருநிலைப்பட்டவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசு கேட்ட உறுதிமொழியை எடுக்காத குருமார் பலர் சிறைப்பட்டனர். 1793-இல் லத்ரேலும் போர்தோ நகரில் அடைக்கப்பட்டார். சிறைத் தரையில் ஊர்ந்த ஒரு சிறு வண்டை அவர் கூர்ந்து நோக்குவதைக் கைதிகளைப் பார்க்க வந்த மருத்துவர் கண்டார். அஃது அரிய வண்டு என்று லத்ரேல் கூறவே, மருத்துவர் அதனை இயற்கையறிவில் நாட்டமுடைய பொரி தெ சான் வென்சான் என்னும் பதினைந்து வயது இளைஞனிடம் கொண்டு சேர்த்தார். லத்ரேலின் பூச்சியறிவை அவ்விளைஞன் ஏற்கெனவே அறிந்திருந்தான். அவன் முயற்சியால் லத்ரேல் விடுதலை பெற்றார். உடனிருந்த கைதிகள் ஒரு மாதத்திற்குள் மாண்டனர் என்று அவர் வாழ்க்கையை எழுதினோர் கூறுவர். 1833-இல் மறைந்த லத்ரேலின் கல்லறை நினைவுச் சின்னத்தில் அவ்வண்டின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிற்றுயிரை ஊன்றிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு இவ்வளவு பயன்பட்டது வேறெங்கும் கேட்டறியாதது.

இனி எறும்பின் உருவத்தைப் பார்ப்போம். தலையும் மார்பும் கருமை நிறத்தன. வயிற்றின் பிற்பகுதி செம்பழுப்பு. போர்னியோவில் வாழ்வன நிறத்தில் சற்று வெளிறியவை. அவற்றை இத்தாலிய அறிஞர் கார்லோ எமரி 1887-இல் ‘போர்னியென்சிஸ்’ என வேறுபடுத்திக் குறித்தார். கால்கள் உடலளவை நோக்கவும் மிக நீண்டவை. உணர்கொம்பு பன்னிரண்டு கணுக்களுடையது. முதற்கணு நீண்டு, முழங்கை மடங்குவதுபோல் மடங்கும். மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடை, ஒரே கணுவால் ஆனது. கொடுக்கு இல்லை. வயிற்றின் நுனியில் மயிர் சூழ்ந்த வட்டமான துளை ஒன்றுண்டு. பகைவர் மேல் அமிலத்தைப் பீய்ச்சுவது அதன் வழியேதான். கையிலெடுத்தால் தாடையால் நன்றாகக் கடிக்கும்.

தொழிலாளிக்குத் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். படையெறும்பின் தலை அகன்று, பின் விளிம்பு உட்குழிந்து காணப்படும். இரண்டையும் தனித்தனியே பார்க்கும் மாணவன் வேறு வேறு இனமென்று எழுதிவிடுவான். பழைய அறிஞர்களும் பல எறும்புகளின் வகையில் இத்தவற்றைச் செய்திருக்கின்றனர். படையெறும்பு என்ற பெயரைக் கேட்டு அதனை ஆண் என்று கருதுவதும் பிழை. தொழிலாளியும் படையெறும்பும் பெண்களே.

எறும்பினங்கள் பெருகப் பெருக, பார்மிகா என்ற ஒரு வீட்டில் எல்லாவற்றையும் குடிவைக்க இயலவில்லை. 1861-இல் ஆஸ்திரிய அறிஞர் குஸ்தாவ் மயர் ‘காம்போனோட்டஸ்’ என்னும் பேரினத்தை வகுத்தார். பின்வந்தோர் ஜிகாஸை அதனுள் சேர்த்தனர். 1905-இல் அமெரிக்கரான வில்லியம் ஆஷ்மீட், இதற்கெனவே ‘டைனோமிர்மெக்ஸ்’ என்ற பெயரைப் படைத்தார். அச்சந்தரும் எறும்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆனால் மற்றவர்கள் அதனைத் தனிப் பேரினமாக ஏற்கவில்லை. காம்போனோட்டஸின் உட்பிரிவாகவே வைத்தனர். உருவம் பெரிது என்ற ஒன்றைக் கொண்டு தனிக்குடும்பம் நடத்த விடலாகாது என்று அவர்கள் கருதியதில் நியாயமும் உண்டு.

எனினும் ஒரு செய்தி உறுத்திக்கொண்டே இருந்தது. எறும்புகளின் மார்பின் பிற்பகுதியில், பின்னங்கால் பொருந்தும் இடத்திற்குச் சற்று மேலே, இருபுறமும் ஒவ்வொரு சுரப்பி உண்டு. பூஞ்சையையும் நுண்ணுயிர்களையும் தடுக்கும் நீரைச் சிறு திறப்பின் வழியே அது வெளியிடுகிறது. எறும்பினத்திற்கே உரிய உறுப்பு இது. ஆனால் காம்போனோட்டஸ் எறும்புகளில் மிகப் பெரும்பாலானவை இச்சுரப்பியை இழந்துவிட்டன. ஜிகாஸோ இழக்கவில்லை. பேருருவைப் பார்த்தவர்களுக்கு இத்திறப்பு புலப்படாது. உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ்ப் பக்கவாட்டில் கிடத்திப் பார்த்தவர்க்கே புலப்படும்.

இதற்கிடையே அதன் வாழ்க்கையும் ஆராயப்பட்டது. செருமனியின் மார்ட்டின் பைஃபரும் எட்வர்ட் லின்சென்மயரும் சபாவின் கினாபாலு பூங்காவில் செய்த ஆய்வுகள் 1998 முதல் வெளிவந்தன. அவர்கள் நோக்கிய ஒரு குடி, ஏறக்குறைய 7,000 இரைதேடும் எறும்புகளை உடையது. அதன் ஆட்சிப்பரப்பு 0.8 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர். அக்குடி ஒரே புற்றில் அன்றிப் பல புற்றுகளில் பரவி வாழ்ந்தது. அந்தி சாய்ந்ததும் எறும்புகள் மரவுச்சிக்கு ஏறி, சாறுண்ணும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரைத் திரட்டிவந்தன. தொல்காப்பிய மரபியல் எறும்பை மூவறிவுயிராக வகுத்து, கண்ணறிவை அதற்குத் தரவில்லை. இன்று கூட்டுக்கண் உண்டென்று அறிவோம். ஆனாலும் இருளில் மரமேறி இறங்கும் இவ்வெறும்பை எண்ணுங்கால், மோப்பத்தையும் ஊற்றையும் முதன்மையாகக் கொண்ட பழந்தமிழர் கணிப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று.

இறுதி முடிவு 2016-இல் வந்தது. வார்ட், பிளைமர், பிஷர் என்னும் மூவர், மரபணுச் சான்றுகளையும் உடற்கூறுகளையும் சேர்த்து ஆராய்ந்து, ஜிகாஸ் காம்போனோட்டஸ் கிளையைச் சேர்ந்ததே அன்று என்று காட்டினர். ஆஷ்மீடின் டைனோமிர்மெக்ஸ் நூற்றுப் பதினோராண்டுகளுக்குப் பின் தனிப் பேரினமாக மீண்டது. அதில் இன்று வாழும் இனம் இவ்வொன்றே. ஆகையால் 2016-க்கு முன் அச்சான நூல்களில் காம்போனோட்டஸ் ஜிகாஸ் என்றும், பின்னர் அச்சானவற்றில் டைனோமிர்மெக்ஸ் ஜிகாஸ் என்றும் காண்பவர் இரண்டையும் ஒன்றென அறிக. பெயருக்குப் பின் (லத்ரேல், 1802) என்று பிறையடைப்புக்குள் எழுதுவதற்கும் காரணம் உண்டு. முதலில் பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து இனம் மாற்றப்பட்டிருந்தால்தான் அவ்வடைப்பு இடப்படும். அடைப்பு இல்லையேல் இடம் மாறவில்லை என்று பொருள்.

பள்ளிகளில் இதனை ‘உலகிலேயே பெரிய எறும்பு’ என்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அது மிகை. தென்னமெரிக்காவின் டைனோபொனேரா எறும்புகள் 30 மில்லிமீட்டரையும் கடக்கின்றன. ஆப்பிரிக்கப் படையெறும்புகளின் அரசி அதனினும் பெரிது. மாண்டொழிந்த டைட்டனோமிர்மாவைச் சொன்னால், வடஅமெரிக்காவில் கிடைத்து 2011-இல் விளக்கப்பட்ட அதன் அரசியின் கல்லுருவம் 5 சென்டிமீட்டர் அளவினது. மிகப் பெரிய எறும்புகளுள் ஒன்று என்று சொன்னால் போதும்.

தமிழ்ப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் பெரிய கறுப்பெறும்பு எதனையும் கட்டெறும்பு என்றே அழைப்பர். தமிழகத்தில் பொதுவாக அப்பெயர் பெறும் எறும்பு, 1787-இல் பெப்ரீசியஸ் பெயரிட்டதும் இன்றளவும் காம்போனோட்டஸைச் சேர்ந்ததுமான வேறோர் இனம். முன்பு இரண்டும் ஒரே பேரினமாக இருந்தமையால் ஜிகாஸைப் பெருங்கட்டெறும்பு என்று எழுதினாலும் குற்றமில்லை. 2016-க்குப் பின் அது பொருந்தாது. பெருங்காட்டெறும்பு என்று நெடிலிட்டு எழுதுவதே தகும்.